காசு கொடுத்தவனே களவாணியா?

கல்லூரி மாணவன் ஒருவன் என்று வைத்துக்கொள்வோம். கடையில் ரசீதோடு விண்டோஸ் வாங்கி, இரண்டு வருடமாக ஒழுங்காகப் பயன்படுத்துகிறான். ஒருநாள் இடி மின்னலில் மதர்போர்டு போய்விடுகிறது. புதிதாக ஒன்றை மாட்டி ஆன் செய்தால்... "விண்டோஸை ஆக்டிவேட் செய்யவும்" என்று திரையின் ஓரத்தில் ஒரு வாசகம். இரண்டு வருடம் அவனை ஒப்புக்கொண்ட அதே விண்டோஸ், இன்று "நீ யாரப்பா?" என்று கேட்கிறது!

யாரோ ஒருவனின் கெட்ட நேரம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. ஏற்பாடே அப்படித்தான்.

விண்டோஸ் 98 வரை சாவி எண்ணைத் தட்டினால் போதும், வேலை முடிந்தது. 2001 அக்டோபரில் வந்த எக்ஸ்பி தான் வீட்டுப் பயனாளியிடம் ஆக்டிவேஷன் கேட்ட முதல் விண்டோஸ். பிராசசர், ராம், ஹார்ட் டிஸ்க், நெட்வொர்க் கார்டு என்று கணினியின் பத்து அம்சங்களைக் குறித்து வைத்துக்கொள்ளும். அதில் பல மாறினால் "இது வேறு கணினி" என்று முடிவு கட்டும். 30 நாளுக்குள் ஆக்டிவேட் செய்யாவிட்டால் உள்ளேயே விடாது.

சரி, திருடனாவது மாட்டினானா? அதுதான் வேடிக்கை. பெரிய நிறுவனங்களுக்கான வால்யூம் லைசென்ஸ் எக்ஸ்பிக்கு ஆக்டிவேஷனே கிடையாது. அப்படி ஒரு சாவி, எக்ஸ்பி கடைக்கு வரும் முன்பே வெளியே கசிந்துவிட்டது. திருட்டு சிடி வாங்கியவன் அந்தத் தொல்லையே இல்லாமல் ஓட்டினான். 2002ல் சர்வீஸ் பேக் 1 வந்தபோதுதான் அந்தச் சாவியை மைக்ரோசாஃப்ட் தடுத்தது. அதுவரை போனில் நீளமான எண்ணை வாசித்துக் காட்டியவன் யார்? காசு கொடுத்தவன்!

பூட்டே பிழை செய்தால்? 2007 ஆகஸ்டில் அதுவும் நடந்தது. மைக்ரோசாஃப்டின் சரிபார்ப்பு சர்வரில், சோதனை நிலையில் இருந்த மென்பொருளைத் தவறுதலாக ஏற்றிவிட்டார்கள். சுமார் 19 மணி நேரம், முறையாக வாங்கிய எக்ஸ்பி, விஸ்டா பிரதிகள் "போலி" ஆகின. விஸ்டாவில் ஏரோ போன்ற வசதிகளும் நின்றன. பாதிக்கப்பட்டவை 12,000க்கும் குறைவு என்றது நிறுவனம். குறைவுதான். ஆனால் தப்பு செய்தது சர்வர், பட்டம் வாங்கியது வாடிக்கையாளர். 2018 நவம்பரில் விண்டோஸ் 10 ப்ரோ வைத்திருந்தவர்களுக்கும் இதே கதை. "உங்களிடம் இருப்பது ஹோம் உரிமம்" என்று சொல்லி ஆக்டிவேஷனை எடுத்துவிட்டது. பிறகு சரிசெய்தார்கள். அதுவரை பயனாளி தன் பக்கம் என்ன தப்பு என்று தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

உழைத்துச் செய்த மென்பொருளைப் பாதுகாக்க நிறுவனத்துக்கு உரிமை உண்டு. திருட்டுப் பிரதிக்கு யாரும் வக்காலத்து வாங்க வேண்டாம். கெடுபிடி குறைந்திருப்பதும் உண்மை. இன்றைய விண்டோஸ் ஆக்டிவேட் ஆகாவிட்டாலும் ஓடும், வால்பேப்பர் மாற்ற விடாது, அவ்வளவே. ஆனால் சந்தேகம் வந்தால் நிரூபிக்க வேண்டியவர் யார் என்பது மட்டும் 2001லிருந்து மாறவே இல்லை.

அந்த மாணவனுக்கு வருவோம். திரையில் '0எக்ஸ்சி004எஃப்211' என்று வந்தால் ஹார்டுவேர் மாறிவிட்டது என்று பொருள். '0எக்ஸ்சி004சி008' என்றால் சாவி வேறு கணினியில் பயன்பட்டுவிட்டது. இதை நேராகச் சொன்னால் என்ன குறைந்துவிடும்? விபத்துக்கு முன்பே உரிமத்தை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்திருந்தால், செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பகுதிக்குப் போய், ட்ரபிள்ஷூட் கொடுத்து, சமீபத்தில் ஹார்டுவேர் மாற்றியதாகத் தெரிவித்து மீட்கலாம். ஹோம் சாவியை ப்ரோவில் போட்டிருக்கிறானா என்றும் பார்க்க வேண்டும். அவனுடையது தனியாக வாங்கிய ரீடெய்ல் உரிமம் என்பதால் புதிய போர்டுக்கு மாற்றிக்கொள்ளலாம். கணினியோடு வந்த ஓஇஎம் உரிமம் என்றால் அது பழைய போர்டோடு கட்டப்பட்டது. இந்த வேறுபாட்டை வாங்கும்போதே எத்தனை கடைக்காரர்கள் சொல்கிறார்கள்?

கேட்பது பெரிய சலுகை இல்லை. ஒருமுறை அசல் என்று ஏற்ற பிரதி, மறுப்புக்கு ஆதாரம் கிடைக்கும் வரை அசலாகவே இருக்கட்டும். பிழை எண்ணுக்குப் பதில் காரணத்தைச் சொல்லட்டும். ரசீதைக் காட்டினால் ஒரு மனிதர் பார்த்து முடிவு சொல்லட்டும்.

மளிகைக் கடையில் அரிசி வாங்கியவன், வீட்டில் பானையை மாற்றியதற்காக மறுபடி ரசீது காட்டுவதில்லை. விண்டோஸ் வாங்கியவன் மட்டும் ஏன் காட்ட வேண்டும்?