சிக்கனம் யாருக்கு?

சொகுசு ஹைபிரிட் காரை நிறுத்திவைத்து, “ஓட்டிப் பாருங்கள், பெட்ரோல் மிச்சமாகும்” என்று அழைக்கின்றனர் வாகன நிறுவனத்தார். பிரேக் பிடிக்கையில் வெப்பமாய் வீணாகும் ஆற்றலை மின்கலத்தில் சேமிப்பது அறிவியலின் அருஞ்செயலே, மறுப்பாரில்லை. ஆயினும், ஒருவரைச் சுமக்க ஒன்றரை டன் இரும்பை உருட்டுவதோ சிக்கனம்?

2011 முதல் 2013 வரை, 2000 சி.சி.க்கு உட்பட்ட இறக்குமதி ஹைபிரிட் கார்களுக்கு இறக்குமதி வரியையும் கலால் வரியையும் நம் அரசு விலக்கியது. பொதுப்பணம் கார் வாங்க வல்லார்க்கே சலுகையாயிற்று. மஸ்ஜித் இந்தியாவில் நாள் முழுதும் நின்று துணி விற்றுவிட்டு, மஸ்ஜித் ஜாமெக் நிலையத்தில் இரயிலேறும் நம் பெண்களுக்கு அதனால் விளைந்த பயன் யாது? பெட்ரோலை உண்மையில் மிச்சப்படுத்துவோர் அவர்களே! இனிச் சலுகை வழங்குவதாயின் பேருந்துக்கும் இரயிலுக்கும் வழங்குக.

ஆசிரியர்களே, ‘சிக்கனம்’ என்னும் சொல்லின் பொருளை விளம்பரத்தாரிடம் ஒப்படைத்துவிடாதீர்கள்.