பத்துப்பேர் ஏறும் தோணி

1943ஆம் ஆண்டின் வங்காளப் பஞ்சத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் நெல்லின் விளைச்சலையும் விலையையுமே வாதத்துக்கு எடுப்பர். அந்நெல்லைச் சந்தைக்குச் சுமந்த தோணியை நினைப்போர் சிலரே. இம்மறதி தற்செயலானதன்று என்பது என் துணிபு.

கிழக்கு வங்காளத்தில் ஆறே தெரு. அங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டு தொட்டு ‘இந்தியா ஜெனரல்’, ‘றிவர்ஸ் ஸ்டீம்’ என்னும் இரு பிரித்தானியக் கம்பனிகளின் நீராவிக் கப்பல்கள் சணலையும் தேயிலையையும் கல்கத்தாவுக்குக் கொண்டுசென்றன. அவற்றுக்குக் கணக்கேடு உண்டு, பங்குதாரர் உண்டு, ஆகவே வரலாறும் உண்டு. ஆனால் கப்பல் நின்ற துறைவரை சணலைச் சேர்த்தது நாட்டுத்தோணி. குயவன் களிமண் ஏற்றியதும், உழவன் ஆற்றிடைத் திட்டுகளிற் பயிர்செய்யப் போனதும், மீனவன் கழிமுகம் வரை சென்றதும் அதிலேதான். அதன் கணக்கை எழுதிவைத்தவர் யார்?

1942 மார்ச்சில் இரங்கூன் வீழ்ந்தது. வங்காளத்துக்கும் நம் இலங்கைக்கும் வந்துகொண்டிருந்த பர்மா அரிசி நின்றது. யப்பானியர் ஆற்றுவழியே புகுவர் என அஞ்சிய பிரித்தானிய ஆட்சி, அவ்வாண்டிலேயே, கரையோர மாவட்டங்களிற் பத்துப்பேருக்கு மேல் ஏற்றக்கூடிய தோணிகளை அகற்ற முற்பட்டது. பதிவிலிருந்த ஏறத்தாழ 66,000 தோணிகளுள் மூன்றில் இரண்டு பங்கு பறிபோயிற்று. சில அழிக்கப்பட்டன, சேர்த்து வைத்தவற்றுட் பல பராமரிப்பின்றி உழுத்தன.

பத்துப்பேர் என்னும் அந்த அளவுகோலை நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. பகைவர் எத்தனை பேர் ஏறலாம் என்று தோணியை அளந்தார்கள். எத்தனை மூடை நெல் ஏறும் என்று அளக்கவில்லை. நட்டஈடு கொடுத்தார்களே என்பர். கொடுத்தார்கள், உடைமையாளனுக்கு. கூலிக்குத் துடுப்பு வலித்தவன் எதைக் காட்டி ஈடு கேட்பான்?

தோணி பறிப்பே பஞ்சத்தை விளைத்ததென்று நான் சொல்லவில்லை. போர்க்கால விலையேற்றம் உண்டு. 1942 ஒக்டோபரில் மேதினிப்பூரைத் தாக்கிய புயலும் உண்டு. ஆயினும் அமர்த்தியா சென் 1981இல் வெளியிட்ட தமது நூலில், பஞ்சத்தில் மிகுதியாக நொடிந்தோருள் வேளாண் கூலிகளோடு மீனவரையும் போக்குவரத்துத் தொழிலாளரையும் காட்டுகிறார். இவ்விரு சாராரும் ஆற்றை நம்பியவர்கள். அவர்கள் கையில் நெல் வாங்கப் பணம் இல்லாமற்போன அதே காலத்தில், நெல் இருந்த ஊருக்கும் இல்லாத ஊருக்கும் இடையே ஓடிய ஆற்றில் அதை ஏற்றிவரத் தோணியும் அருகிவிட்டிருந்தது.