டில்லிக் குளிரும் ஜூலைப் புழுக்கமும்

டில்லிக்கு வரும் நம்மாட்கள் ஜனவரியில் கீசரைப் போட்டுக் கொதிக்கக் கொதிக்கக் குளிக்கிறார்கள். இருக்கிற எண்ணெய்ப்பசையும் போய், காலெல்லாம் வெள்ளைக் கோடு. வெதுவெதுப்பான தண்ணீர், ஈரம் காயுமுன் வாசலின். போதும். (தேங்காய் எண்ணெய்தான் வேண்டுமென்றால், உறைந்த பாட்டிலை வெந்நீரில் நிறுத்துங்கள்!)

ஜூலை மழையில் இதையெல்லாம் மூட்டை கட்டிவிடலாம். அப்போது தொல்லை படர்தாமரை. மருந்துக்கடையில் நீட்டும் க்ரீமைக் கேள்வி கேட்காமல் தடவாதீர்கள். பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். அரிப்பு அடங்கும், பூஞ்சை அது பாட்டுக்குப் பரவும். 2018-ல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு க்ரீம்களுக்கு மருந்துச்சீட்டைக் கட்டாயமாக்கியது. கேட்டால் இன்றும் சும்மாவே கிடைக்கிறது. கடைக்காரரை மட்டும் திட்டி என்ன பயன்? சளிக்கெல்லாம் டாக்டரிடம் ஓடுகிற நாம், இடுப்பில் அரித்தால் மட்டும் வெட்கப்பட்டுக்கொண்டு கடையில் கிசுகிசுக்கிறோமே!