ராஜநாயக்கன் ஏன் விழா மலரில் இல்லை?

ஜூலை 9 வந்துவிட்டால் டெல்டா மாவட்டத்துச் சபைகளில் ஒரு பரபரப்பு தொற்றிக்கொள்ளும். 1706-ல் சீகன்பால்குவும் புளுட்சோவும் தரங்கம்பாடியில் வந்திறங்கிய நாள் அது. சிலைக்கு மாலை, சிறப்பு ஆராதனை, கடைசியில் ஒரு விழா மலர். நான் பார்த்த மலர்களில் எல்லாம் 'முதல்' பட்டியல் தவறாமல் இருக்கும். தமிழில் அச்சான முதல் புதிய ஏற்பாடு (1715), பெண் குழந்தைகளுக்கான முதல் பள்ளிகளில் ஒன்று, முதல் இந்தியப் புராட்டஸ்டன்ட் குருவான ஆரோன் (1733). எல்லாம் உண்மைதான். எங்கள் அப்பாயி எழுத்துக்கூட்டிப் படித்ததே ஒரு மிஷன் பள்ளியில்தான். அந்த நன்றியை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

ஆனால் தோழர்களே, அந்தப் பட்டியலில் யார் விடுபட்டிருக்கிறார்கள் என்றும் பாருங்கள்.

1707 மே மாதம் தரங்கம்பாடியில் முதல் ஞானஸ்நானம் பெற்றவர்கள் ஐந்து பேர். டேனிஷ்காரர்களின் வீடுகளில் அடிமைகளாக இருந்தவர்கள் அவர்கள். இந்தச் சபையின் முதல் உறுப்பினர்கள் விலைக்கு வாங்கப்பட்ட மனிதர்கள். நம் மலர்களில் அவர்கள் 'முதல் கனிகள்' ஆகிவிடுகிறார்கள். அடிமை என்ற சொல் அச்சகத்துக்குப் போகும் வழியில் உதிர்ந்துவிடுகிறது.

அடுத்தவர் ராஜநாயக்கன். பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், அவர் பறையர். தஞ்சை அரசரின் படையில் சிப்பாயாக இருந்தவர். கத்தோலிக்கராக இருந்தபோது அச்சான தமிழ் வேதாகமம் கைக்குக் கிடைத்து, அதைப் படித்துப் படித்தே தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தவர். மிஷனரிகள் சுலபமாக நுழைய முடியாத தஞ்சை நாட்டுக்குள் உபதேசியாராகப் பல பத்தாண்டுகள் அலைந்து சபைகளைக் கட்டியவர். ஆரோனுக்குப் பிறகு இன்னொரு தமிழரைக் குருவாக்கலாம் என்று பேச்சு வந்தபோது இவர் பெயரும் அடிபட்டது. 1741-ல் குருப்பட்டம் தியோகுவுக்குப் போனது. ராஜநாயக்கனின் விசுவாசத்தையோ அறிவையோ உழைப்பையோ யாரும் குறை சொல்லவில்லை. பறையர் கையால் நற்கருணை வாங்க வெள்ளாளர்கள் வரமாட்டார்கள் என்பதுதான் தடை. 1771-ல் அவர் உபதேசியாராகவே இறந்தார்.

இந்தச் சபையின் தலைமை வரலாற்றை நான் அந்த 1741-லிருந்துதான் தொடங்குவேன். யார் கையில் அப்பமும் கிண்ணமும் இருக்கலாம் என்பதைச் சாதி தீர்மானித்தது. வெளியிலிருந்து வந்த மிஷனரி அதை ஏற்றுக்கொண்டார். எதிர்த்திருக்க வேண்டியவர் கணக்குப் போட்டார்: இவரைக் குருவாக்கினால் எத்தனை குடும்பம் போகும்? இன்றைய சபைத் தேர்தல் வரைக்கும் அதே கணக்குதான்.

அடுத்த நூற்றாண்டில் கணக்கு சிக்கலானது. புதிதாக வந்த மிஷனரிகள் சிலர் தஞ்சாவூரில் சாதிவாரி இருக்கையை ஒழிக்கப் பார்த்தார்கள். அதை எதிர்த்து 1829-ல் எழுதியவர் வேறு யாருமில்லை, வேதநாயகம் சாஸ்திரியார். ஞாயிறுதோறும் நாம் உருகிப் பாடும் கீர்த்தனைகளின் ஆசிரியர், 'பெத்லகேம் குறவஞ்சி' தந்த கவிஞர். புதிய மிஷனரிகள் செய்த 'கொடுமைகள்' என்று அவர் தரப்பு அடுக்கியது நான்கு: சாதிகளைக் கட்டாயமாகக் கலப்பது, மறுப்பவர்களுக்கு நற்கருணையை நிறுத்துவது, பூ வைப்பதைத் தடுப்பது, ஆராதனையில் தமிழ்ப் பாடல்களை விலக்குவது.

இந்த நான்கையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். தமிழ்ப் பாட்டை நிறுத்தியதும் பூவைத் தடுத்ததும் நியாயமான குறை, நானும் அவர் பக்கம் நிற்பேன். அந்தப் பூவோடும் பாட்டோடும் சேர்த்து ஒரே மூட்டையில் தனி இருக்கையும் கட்டப்பட்டிருக்கிறது. 'எங்கள் பண்பாட்டில் கை வைக்காதே' என்கிற குரலுக்குள் சாதி எப்படி ஒளிந்துகொள்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எம்.ஏ. சமூகவியல் வகுப்பில்கூட எனக்குக் கிடைத்ததில்லை.

1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதியை உடனே, முற்றாக விட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் கொதித்தார்கள், வெளியேறினார்கள். 1840களில் லைப்சிக் மிஷன் தரங்கம்பாடிக்கு வந்தது. சாதி வெறும் சமூக ஏற்பாடு, மெல்ல மாறட்டும் என்பது அதன் நிலை. வெளியேறியவர்களில் பலருக்கு அங்கே இடம் கிடைத்தது. 1850-ல் சென்னை மிஷனரி மாநாடு, சாதியை விட்டதற்கு அடையாளமாக உடன் உணவு உண்ணாதவருக்கு ஞானஸ்நானம் இல்லை என்கிற அளவுக்குப் போனபோது லைப்சிக் மிஷன் அதில் சேரவில்லை. அப்போது அதன் இயக்குநர் கார்ல் கிரவுல். திருக்குறளை ஜெர்மன் மொழிக்குக் கொண்டுபோன அதே கிரவுல். பிறப்பொக்கும் என்ற குறளை அவரும் மொழிபெயர்த்திருக்கத்தான் வேண்டும்.

இந்தத் தொடர்ச்சியில்தான் 1919-ல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை உருவானது. முதல் பேராயர் சுவீடன்காரர். முதல் தமிழ்ப் பேராயராக ராஜா மாணிக்கம் வந்தது 1956-ல். வெள்ளைக்காரரிடமிருந்து நாற்காலி கைமாற 37 ஆண்டுகள் ஆனதை நம்மவர்கள் வருத்தத்தோடு சொல்வார்கள். ராஜநாயக்கனின் சனங்கள் காத்திருந்த ஆண்டுகளை எந்த மலரும் எண்ணியதில்லை.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். சபையின் பெயர் வேண்டாம், எந்தப் பெயரைப் போட்டாலும் பொருந்தும். முதுகலை முடித்த கையோடு எங்கள் ஊர்ச் சபை மலருக்கு ராஜநாயக்கனைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். மலர்க் குழுவில் இருந்த ஒரு பெரியவர் அன்பாகக் கூப்பிட்டு, "தம்பி, நல்லா எழுதியிருக்க. ஆனா விழா நேரத்துல இதெல்லாம் எதுக்கு? நாம எல்லாம் கிறிஸ்துவுக்குள்ள ஒண்ணுதானப்பா" என்றார். கட்டுரை வரவில்லை. அந்தப் பக்கங்களில் ஒரு நகைக்கடை விளம்பரம் வந்தது. அதே ஆண்டு கமிட்டித் தேர்தலில் சந்தா பாக்கி என்று வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் எங்கள் தெருக்காரர்கள்.

'இதையெல்லாம் கிளறினால் சங்கிகள் எடுத்துக்கொள்வார்கள்' என்று நம் தோழர்களே சிலர் சொல்கிறார்கள். உண்மையில் நாம் பேசாமல் இருந்ததுதான் அவர்களுக்கு வசதியாகப் போனது. 1950 குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி உரிமையை இந்துக்களோடு நிறுத்தியது. 1956-ல் சீக்கியரும் 1990-ல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். நாம் இன்றும் வெளியே, தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில்.

சூசை வழக்கைப் படியுங்கள். ஆதிதிராவிடராகப் பிறந்து கிறிஸ்தவரான ஒரு செருப்புத் தொழிலாளி. பட்டியல் சாதித் தொழிலாளிகளுக்கு அரசு கொடுத்த பெட்டிக்கடை அவருக்கு மறுக்கப்பட்டது. 1985-ல் உச்ச நீதிமன்றம் அவர் மனுவைத் தள்ளுபடி செய்தது. காரணம், இந்து மதத்தில் இருந்த அதே இழிவு அதே கடுமையோடு கிறிஸ்தவ சமூகத்துக்குள்ளும் தொடர்கிறது என்பதற்குச் சான்று காட்டப்படவில்லையாம்.

சான்று இல்லையா? ஜெர்மனியின் ஹாலே ஆவணக் காப்பகத்தில் மிஷனரிகள் தம் கைப்பட எழுதிய அறிக்கைகள் பெட்டி பெட்டியாகக் கிடக்கின்றன. ஆராய்ச்சிக்கு வெளிநாட்டுப் பேராசிரியர்கள் போய்வருகிறார்கள். ஒரு பக்கம் தலித் கிறிஸ்தவர் உரிமைக்காக ஊர்வலம், மறுபக்கம் 'எங்கள் சபையில் சாதி இல்லை' என்று பிரசங்கம். இரண்டையும் ஒரே தலைமை ஒரே வாரத்தில் செய்தால் எந்த நீதிபதி எதை நம்புவார்? 2022-ல் மத்திய அரசு இதே கேள்வியை ஆராய பாலகிருஷ்ணன் ஆணையத்தை அமைத்தது. சபைகள் அதன் முன் வைக்க வேண்டியது 1741-லிருந்து தம் சொந்தப் பதிவேடுகளைத்தான். அந்தப் பதிவேடுகளில் தங்கள் தாத்தாக்களின் பெயரும் இருக்குமே என்ற தயக்கம் தலைமைக்கு இருக்கலாம். எங்கள் தாத்தாக்களின் பெயரும் அதில்தான் இருக்கிறது.

சபைக்குப் போகிற மாணவர்கள் இதைப் படித்தால், இந்த விடுமுறையில் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் சபையின் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். சாதிக்கென்று தனிக் கட்டம் இருக்கிறதா, எந்த ஆண்டு வரை நிரப்பியிருக்கிறார்கள், கல்லறைத் தோட்டத்தில் யாருக்கு எந்த மூலை என்று குறித்துக்கொள்ளுங்கள். தரமாட்டோம் என்றால் யார் சொன்னார், எந்தத் தேதியில் சொன்னார் என்பதையும் எழுதி வையுங்கள்.