துவிச்சக்கரவண்டிச் சுற்றுலாவும் சமபோசனமும்

யாழ்ப்பாண நகரைத் துவிச்சக்கரவண்டியிற் சுற்றிக் காட்டும் வழிகாட்டற் சுற்றுலாக்கள், 2009இல் யுத்தம் முடிவுற்றதன் பின்னர் படிப்படியாகத் தோன்றி, இன்று நகரின் ஒழுங்கைகளிற் பழகிப்போன காட்சியாகிவிட்டன. வெயில் ஏறுமுன் ஐந்தாறு பயணிகள் ஒரு வழிகாட்டியின் பின்னே புறப்படுகின்றனர். கோட்டை, பொது நூலகம், சந்தை, பாசையூர்க் கடற்கரை, நல்லூர் என வண்டிகள் நின்று நின்று செல்கின்றன. இடையிடையே தோசை, வடை, தேநீர். வாய்ப்பிருந்தால் ஒரு வீட்டில் ஒடியற் கூழ். துணிவுள்ளோர்க்குத் தவறணையில் ஒரு பிளாக் கள். இறுதியில் ஐஸ்கிறீம். உள்ளூர் மக்கள் உண்பதை உண்டு, அவர்கள் செல்வது போலவே சென்று, அவர்தம் பண்பாட்டை அறியலாம் என்பதே இச்சுற்றுலாக்கள் தரும் வாக்குறுதி. அவ்வாக்குறுதி எவ்வளவு தூரம் நிறைவேறுகின்றது என்பதும், நிறைவேறாதவிடத்து அதன் பழி யாரைச் சாரும் என்பதும் எம்மால் வினவப்பட வேண்டியவை.

முதலிற் பண்பாட்டுக் காவலரின் எதிர்ப்பை நோக்குவோம். அந்நியர் அரைக்காற்சட்டையுடன் கோயில் வீதியில் வண்டியோட்டுவதாலும், எமது அடுக்களைகளுட் புகுந்து படம் பிடிப்பதாலும் எமது தொன்மைக்கு ஊறு நேர்கின்றது என்பது அவர்தம் முறைப்பாடு. இத்தொன்மை எத்தகையது? யாழ்ப்பாணத்துக் கறித்தூளின் நிறமும் உறைப்பும் மிளகாயினால் வந்தவை. மிளகாயோ அமெரிக்கக் கண்டத்தில் தோன்றிப் போர்த்துக்கேயரின் கப்பல்களில் ஆசியாவுக்கு வந்தது. கூழில் இடும் மரவள்ளியும் அக்கண்டத்ததே. ஒல்லாந்தர் காலத்திலே திருவிதாங்கூருக்கு ஏற்றுமதியாகிக் குடாநாட்டுக்குச் செல்வம் சேர்த்த புகையிலையும் அவ்வழி வந்ததே. இன்று நாம் வணங்கும் நல்லூர்க் கந்தசுவாமி கோயில்கூட, முன்னையது போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்ட பின்னர், ஒல்லாந்த ஆட்சியின்போது 1734இல் எழுந்தது. வந்தவற்றை ஏற்றுத் தனதாக்கிக் கொண்டதே இந்நகரின் பண்பாடு. ஐந்தாறு சைக்கிள்களால் அது அழிந்துபோகும் என அஞ்ச வேண்டியதில்லை. (அரைக்காற்சட்டையைக் கண்டு கொதிப்போர் சீதனத்தைக் கண்டு கொதித்ததாக நான் அறியேன்.)

ஆகவே எனது வாதம் சுற்றுலாவுக்கு எதிரானதன்று. ஓர் ஊரை அறிவதற்குப் பேருந்தின் கண்ணாடிச் சாளரத்திலும் சைக்கிளின் இருக்கை மேலானது என்பதை நான் மறுக்கவில்லை. குன்றுகளற்ற சமதரை, சுண்ணக்கல் நிலம், வேலிகளுக்கிடையே வளைந்து செல்லும் ஒழுங்கைகள். சைக்கிளுக்கென்றே அமைந்தாற் போன்ற நகரம் இது. குறை வாகனத்தில் இல்லை. வழியிற் சொல்லப்படும் கதையில் உள்ளது.

அக்கதையில் சைக்கிள் ஓர் அழகிய பழக்கமாக வருகின்றது: யாழ்ப்பாணத்தார் எளிமையானவர், சைக்கிளை விரும்புபவர் என்பதாக. விருப்பம் ஒரு பகுதிதான். 1990 யூனில் யுத்தம் மீண்டும் மூண்டதைத் தொடர்ந்து, பெற்றோல், பற்றரி, சீமெந்து, உரம் முதலானவை பொருளாதாரத் தடைக்குட்பட்டன. அவ்வாண்டுகளில் நோயாளியும் விறகும் நெல்மூட்டையும் சைக்கிளின் கரியரிலேயே சென்றன. வண்டியை நிறுத்திவைத்து மிதியைச் சுழற்றி, டைனமோவில் பிறந்த மின்சாரத்தால் வானொலிச் செய்தி கேட்ட தலைமுறை இன்னும் எம்மிடையே வாழ்கின்றது. 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமம் முழுவதும் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபோது, நாவற்குழிப் பாலத்தின் நெரிசலில் மக்கள் தம் உடைமை யாவற்றையும் சைக்கிளில் ஏற்றி உருட்டிச் சென்றனர். ஏறி ஓட்டுதற்கு இடமிருக்கவில்லை. 2022இல் நாடு முழுவதும் எரிபொருளின்றி வரிசையில் நின்றபோது ஏனைய நகரங்கள் புதிதாகக் கண்டறிந்ததை, இந்நகரம் ஏற்கெனவே கற்றிருந்தது. பயணி மகிழ்ந்து மிதிக்கும் வண்டிக்கு இவ்வரலாறு உண்டு.

இதனைச் சொல்லும் வழிகாட்டிகள் உளர். 1981ஆம் ஆண்டு மே மாத இறுதியிலே நூலகம் தீக்கிரையானதையும், ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பரானதையும் நூலக வாயிலில் நிறுத்திச் சொல்லாதார் அரியர். சொல்லப்பட வேண்டியதுதான். ஆயின் பிறர் எமக்கு இழைத்ததைக் கூறும் நா, நாம் எம்மவர்க்கு இழைத்ததைக் கூறவேண்டிய இடத்திலே தோசையின் மென்மையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகின்றதே, அங்குதான் எனது சினம்.

உணவுச் சுற்றுலாவின் முதல் தரிப்பிடம் பெரும்பாலும் ஒரு தேநீர்க்கடை. பயணி வாங்கில் அமர்கின்றார், குவளை வருகின்றது, கடைக்காரர் புன்னகைக்கின்றார், விருந்தோம்பல் தமிழர் பண்பாடு என வழிகாட்டி விளக்குகின்றார். அந்த வாங்கின் வரலாறு யாது? ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளிலும் குடாநாட்டின் பல தேநீர்க்கடைகளிலே ஒடுக்கப்பட்ட சாதியினர் உள்ளே அமர முடியாது. அவர்களுக்கெனத் தனிக் குவளை. குடிப்பது புறத்தே நின்று. கடல் கடந்து வந்த வெள்ளையனுக்கு என்றும் மறுக்கப்படாத ஆசனம், அடுத்த தெருவிலிருந்து வந்த தமிழனுக்கு மறுக்கப்பட்டது. விருந்தோம்பல் என்ற சொல்லை இவ்விடத்திலே கூசாமற் சொல்ல எம்மால் எவ்வாறு முடிகின்றது?

இக்கொடுமை தானாகக் கனிந்து உதிர்ந்ததன்று. 1924இல் மாணவர் காங்கிரஸாகத் தோன்றிய யாழ்ப்பாண வாலிப காங்கிரஸ், காந்தியை 1927இல் இந்நகருக்கு அழைத்த அதே காலத்திற் பாடசாலைகளிற் சமஆசனத்துக்கும் பொதுவிற் சமபோசனத்துக்கும் வாதாடியது. அகில இலங்கைச் சிறுபான்மைத் தமிழர் மகாசபை தொடர்ந்து போராடியது. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. சட்டம் தாளில் இருந்தது, குவளை வேறாகவே இருந்தது. 1966 ஒக்டோபர் 21ஆந் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ் முற்றவெளி நோக்கிப் புறப்பட்ட ஊர்வலம் பொலிசாரின் தடியடியைத் தாங்கியும் முன்னேறியது. அடுத்த ஆண்டிலே தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் உருப்பெற்றது. தேநீர்க்கடைப் பிரவேசங்களும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் நிகழ்ந்த சத்தியாக்கிரகமும் அதன் தொடர்ச்சி. இப்போராட்டங்களில் உயிர்கள் பலியாயின. கே. டானியல் 1972இல் வெளியிட்ட 'பஞ்சமர்' நாவலை எமது பாடநெறிகளில் இலக்கியமாகக் கற்கின்றோம். அது பேசும் மக்களின் போராட்டத்தை, அப்போராட்டம் நிகழ்ந்த தெருக்களிலே நின்று ஒரு வார்த்தை சொல்லோம். சமமாக அமர்ந்து உண்ணும் உரிமை வெல்லப்பட்ட வரலாற்றை விலக்கிவிட்டு உணவுப் பண்பாடு என்று எதைக் காட்டுகின்றோம்? சட்னியையா?

கூழின் கதையும் இவ்வாறே. பனங்கிழங்கைப் பிளந்து உலர்த்திய ஒடியலை இடித்து மாவாக்கி, நீரில் ஊறவைத்து, காறலைப் போக்கியே கூழுக்குக் கரைப்பர். நண்டும் இறாலும் மீனும் பயற்றங்காயும் பலாக்கொட்டையும் பழப்புளியும் சேர, பனையோலைப் பிளாவில் வார்த்து அது பரிமாறப்படும். சுவையில் ஐயமில்லை; பயணிகள் வியப்பது நியாயமே. ஆயினும் நெல்லில்லாத வீட்டிலே வயிற்றை நிரப்பிய உணவு ஒடியல் என்பதையும், ஊறவைத்தலும் பிழிதலும் இடித்தலும் முழுக்க முழுக்கப் பெண்ணின் உழைப்பு என்பதையும் விலக்கிவிட்டால் எஞ்சுவது வெறும் சமையற்குறிப்பு. அதே பனையில் நாளொன்றுக்கு இருமுறை ஏறியிறங்கும் தொழிலாளி, தவறணைத் தரிப்பிலே படத்துக்குரிய பொருளாகின்றான். அவன் இறக்கிய கள்ளைப் பருகிய சமூகம் அவனைத் தன் கிணற்றில் அள்ளவிடாதிருந்தது என்பதைக் கள்ளின் சுவையை விளக்குவோர் எவரும் விளக்குவதில்லை.

சோனகதெருவையும் சொல்லாமல் விடுதல் நேர்மையாகாது. இந்நகரின் இறைச்சிக் கறிக்கும் புரியாணிக்கும் முஸ்லிம்களின் கைப்பக்குவத்தில் உள்ள பங்கைக் கூறி, வண்டிகள் அவ்வழியாற் செல்வதுண்டு. 1990 ஒக்டோபரில் அத்தெருவின் மக்கள் யாவரும் சில மணிநேர அவகாசத்தில், கையில் ஏதுமின்றி, விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். அவர்களை வெளியேற்றியோர் தமிழரின் பெயராலேயே அதனைச் செய்தனர். எம்மிற் பெரும்பாலோர் அன்று வாய்திறக்கவில்லை. மீண்டுவந்த குடும்பங்கள் அன்றிருந்தவற்றிற் சிறு பகுதியே. அத்தெருவின் வெற்று வீடுகள் ஏன் வெற்றாயின என்று பயணியொருவர் கேட்டால், யுத்தம் என்ற ஒரு சொல்லால் விடை முடிந்துவிடுகின்றது. அச்சொல் இவ்விடத்திற் பொய்.

ஓய்வுக்காக வருபவரிடம் இவற்றைக் கொட்டி அழவைப்பதா என்று கேட்பர். பயணி நூலகத்தின் கதையைக் கேட்கின்றார். கேட்ட பின்னரும் அடுத்த தரிப்பிலே வடை உண்கின்றார். ஆகவே பயணியின் மனம் நோகும் என்பது சாட்டு. நோவது எமது மனம். வேறு சிலர், வருமானம் வருகின்ற வேளையில் ஊரின் அழுக்கைத் தெருவிற் காட்டலாகாது என்பர். அவ்வருமானம் யாருக்குச் செல்கின்றது? கூழ் காய்ச்சும் பெண்ணுக்கும் கள் இறக்கும் தொழிலாளிக்கும் சேரும் பங்கு எத்துணை என்பதையும் அவர்கள் தெருவிலே சொல்லட்டும். நாமும் அழுக்கைப் பற்றிப் பின்னர் பேசுவோம்.

வழிகாட்டும் இளைஞனைக் குற்றஞ்சாட்டுவது எளிது, அது தவறுமாகும். பாடசாலையில் எந்த ஆசிரியரும் சொல்லாததை அவன் எங்கு கற்பான்? மன்னரும் மதிலும் பற்றி நூல் எழுதிய எம் வரலாற்றறிஞருள், தேநீர்க்கடை வாங்கைப் பற்றி அவன் கையிற் கொடுக்கத்தக்க நாலு பக்கம் எழுதினோர் எத்தனைபேர்? ஆண்டுதோறும் பண்பாட்டைப் பற்றிக் கருத்தரங்கு நடத்தும் தமிழ்ச் சங்கங்கள், எம்முடையது உட்பட, இவ்வினாவுக்கு விடை சொல்லவேண்டியவை. போராட்டத்திற் பங்குகொண்டோருட் சிலர் முதுமையடைந்து இன்னும் வாழ்கின்றனர். அவர்கள் வாய்மொழியைப் பதிவு செய்வதற்குப் பெருநிதி வேண்டுவதில்லை. ஒரு சைக்கிளும் ஒரு குறிப்பேடும் போதும்.

சுன்னாகத்திலிருந்து காங்கேசன்துறை வீதிவழியே முற்றவெளிக்கு ஏறத்தாழ பத்துக் கிலோமீற்றர். மெதுவாக மிதித்தாலும் ஒரு மணிநேரப் பயணம். வழியிலே தேநீர்க்கடைகளுக்குக் குறைவில்லை. வருகின்ற ஒக்டோபர் 21ஆந் திகதி அவ்வீதியாற் செல்ல எமது சங்க உறுப்பினர் பத்துப்பேர் முன்வருவாராயின், நகரின் வழிகாட்டிகளையும் உடன் அழைக்கலாம்.