அகராதிக்குள் ஒரு சேரி

இங்கிலீஷ் படிச்சா சாதி போயிடும்கிறாங்க. அந்த இங்கிலீஷுக்குள்ளயே எங்க சாதிப்பேரு வசவா உக்காந்திருக்கே, அதுக்கு என்ன பதில்னு கேக்குறேன். 'பரையா' என்றால் ஒதுக்கப்பட்டவன், வெறுக்கப்படுபவன் என்கிறது அகராதி. உலகம் தள்ளிவைத்த நாடு 'பரையா ஸ்டேட்'. தெருநாய் 'பரையா டாக்'. பறை என்னும் தோற்கருவியிலிருந்து வந்த சொல் என்றும் அதே அகராதிதான் சொல்கிறது. 17ஆம் நூற்றாண்டில் இங்கிலீஷுக்குள் போன சொல். வெள்ளைக்காரன் சேரியில வந்து கேட்டா அர்த்தம் எழுதினான்? ஊர்க்காரன் சொன்னதை எழுதிக்கிட்டான். 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்றே பத்திரிகைக்குப் பேர் வச்சாரு. அந்தத் தலைநிமிர்வு அர்த்தமா ஏறலையே! தம்பி, தங்கச்சி, பரீட்சைக்கு இந்தச் சொல்லை மனப்பாடம் பண்ணுங்க. ஆனா பக்கத்துலயே, இது யார் கொடுத்த அர்த்தம்னும் எழுதிவையுங்க.