கலியாணம் வைத்தியம் அல்ல

"கலியாணம் கட்டினால் எல்லாம் சரியாய்ப் போகும்." யாழ்ப்பாணத்தில் கேட்ட அதே வசனத்தை மொன்றியலில், கோட் தே நேஜ் அடுக்குமாடிகளிலும் கேட்கிறேன். மாதவிலக்கு வலியில் சுருண்டு கிடக்கும் மகளுக்கு எங்கள் வீடுகள் சொல்லும் வைத்தியம் இது. அதுவும் பலிக்காவிட்டால், ஒரு பிள்ளை பெற்றால் தீருமாம். இது பொய். பிள்ளைகளின் படிப்பைக் கெடுக்கிற பொய்.

மாதவிலக்கின்போது கருப்பையில் புரோஸ்டாகிளாண்டின் சுரக்கிறது. தசை இறுகி, இரத்த ஓட்டம் குறைந்து, குத்து எடுக்கிறது. ஐபுபுரோஃபன் அந்தச் சுரப்பையே அடக்கும். ஒத்துக்கொள்ளும் உடம்பென்றால் குத்துத் தொடங்கும்போதே சாப்பாட்டோடு போட வேண்டும். எங்கள் பிள்ளைகளோ, குளிசை போட்டால் கருப்பை பழுதாகும் என்ற பயத்தில் கடைசிவரை பொறுத்திருந்துவிட்டு ஒரு பனடோல் போடுகிறார்கள்.

குளிசைக்கும் அடங்காவிட்டால், கருப்பையின் உட்படலம் போன்ற திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் என்ற நோயாக இருக்கலாம். பிள்ளைபெறும் வயதுப் பெண்களில் ஏறக்குறைய 10 சதவீதத்தினருக்கு, 19 கோடிப் பேருக்கு, அது உண்டு என்கிறது உலக சுகாதார நிறுவனம். நோயைத் தீர்க்கவென்று மட்டும் கருத்தரிக்கச் சொல்லக்கூடாது என்று 2022இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டி வைத்தியர்களுக்கே சொல்கிறது.

இதற்கிடையில் வலியோடு இருக்கும் அந்த மகள் என்ன செய்கிறாள்? மூன்று மணிநேர ஆய்வுகூட வகுப்பில் மேசை விளிம்பைப் பிடித்தபடி நிற்கிறாள். மைனஸ் 20 குளிரில் 165ஆம் பஸ்ஸுக்குக் காத்து நிற்க முடியாமல் காலை விரிவுரையை விடுகிறாள். சோதனை மண்டபத்தில் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறாள். சிநேகிதியின் பிறந்தநாளுக்கு "வேலை இருக்கு" என்கிறாள். சில மாதங்களில் சிநேகிதிகளும் கூப்பிடுவதை விட்டுவிடுகிறார்கள். வீட்டில் அவளுக்குச் சோம்பேறிப் பட்டம்.

கூட்டிச் சொல்கிறாள் என்கிறீர்களா? இதே நகரின் மக்கில் பல்கலைக்கழகத்து ரொனால்ட் மெல்சாக் 1975இல் வெளியிட்ட வலி வினாக்கொத்து, நோயாளி தன் வாயால் சொல்வதைக் கொண்டே வலியை அளந்தது. உலகமெங்கும் வைத்தியர்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள். தாய் நம்பக்கூடாதா?

"நாங்களும் தாங்கினோம்தானே" என்பார்கள் அம்மாமார். தாங்கினீர்கள், வேறு வழி இருக்கவில்லை. மருந்தும் வைத்தியரும் உள்ள ஊரில் மகளையும் தாங்கச் சொல்வது அநியாயம். கேரளம் 2023இல் மாதவிலக்கு லீவுக்காக மாணவிகளின் கட்டாய வருகையை 75 சதவீதத்திலிருந்து 73 ஆகக் குறைத்தது. நல்லதுதான், ஆனால் லீவு வலியைத் தீர்க்காது.

கியூபெக் சட்டப்படி 14 வயதிலேயே தன் சிகிச்சைக்குத் தானே சம்மதிக்கலாம்; கல்லூரி மாணவிக்கு உங்கள் அனுமதி தேவையில்லை. ஆனாலும் வைத்தியரிடம் அவளோடு கூடப் போங்கள். தவறிய வகுப்புகளையும் போட்ட குளிசைகளையும் திகதியோடு எழுதிக்கொண்டு போங்கள். கருத்தடைக் குளிசை எழுதினால் "கலியாணமாகாத பிள்ளைக்கா?" என்று பதறாதீர்கள்; வலிக்கும் அது மருந்து. ஸ்கானில் ஒன்றுமில்லை என்றால் அதோடு திரும்பிவிடவும் வேண்டாம். எண்டோமெட்ரியோசிஸ் சாதாரண ஸ்கானுக்குத் தப்பிவிடக்கூடும்.